உங்கள் தோரை எடுத்துக்கொள்ளுங்கள்

அலெக்சாந்திரியா, மே 12

இன்ஜி,

இதற்குக் குரல் செய்தியில் பதில் சொல்லாதே. நீ குரலில் பேசினால் நான் பாதியிலேயே சிரித்துவிடுவேன், என்ன கேட்க வந்தேன் என்பது மறந்துபோகும். எழுது. எழுத்தில் நீ அவ்வளவு அழகி இல்லை. அது எனக்கு வசதி.

இன்று காலைத் தேநீர் நேரத்தில் மதாம் அவாதிஃப் என் மேசைக்கு வந்தார். உனக்கு அவரைத் தெரியாது. எங்கள் காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டுப் பிரிவைப் பார்ப்பவர். அதைவிட முக்கியமாக, அலுவலகச் சீட்டை நடத்துபவர். மாதத்தின் முதல் வியாழக்கிழமை எல்லோரும் அவர் மேசையில் பணம் வைப்போம், முறை வந்தவர் மொத்தத்தையும் எடுத்துப் போவார். அவர் கையில் ஈத் பண்டிகைக்குச் சுட்ட கஹ்க் பிஸ்கட் டப்பா இருந்தது. ஒன்றை எடுத்து என் காகிதங்களின் மேல் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா ஷாஹிந்தா, உன் சிநேகிதியோட சீட்டுல எனக்கு எப்போ முறை வருது?"

"எந்தச் சீட்டு மதாம்?"

"அதான்ம்மா, அந்த லிஃப்ட் சீட்டு. ஈத்துக்குள்ளன்னு சொன்னியே. ஈத்தும் போச்சு, கஹ்க்கும் தீரப்போகுது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

போன இலையுதிர் காலத்தில் நம் கணினி விளையாட்டுக்குப் பணம் திரட்ட நீ அதை இணையத்தில் கூட்டு நிதித் தளத்தில் போட்டபோது, உன் குரல் செய்தியைச் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். "பணம் போடுங்க, உங்க தோரை எடுத்துக்கோங்க!" என்று நீ கூவினாய். நீ நினைத்தது விளையாட்டில் வரும் கட்டடத்தை. பழைய அலெக்சாந்திரியா அடுக்குமாடி. ஆடுகிறவர்தான் அதன் லிஃப்ட். பணம் போடும் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு மாடியில் ஒரு கதவு, அந்தக் கதவுக்குள் அவர் பெயரில் ஒரு பாத்திரம், லிஃப்டுக்குள் பேச ஒரு வசனம். மாடியும் தோர், பாத்திரமும் தோர், ஆட்டத்தின் சுற்றும் தோர். ஒரே சொல்லில் மூன்றையும் அடைத்துவிட்டோம் என்று ஒரு வாரம் குதித்தோமே. சீட்டுப் போடுகிறவர் காதில் அந்தச் சொல்லின் நாலாவது பொருள்தான் முதலில் விழும் என்று நமக்குத் தோன்றவே இல்லை. முறை. மொத்தத் தொகையும் கைக்கு வரும் முறை. போதாக்குறைக்குக் கூட்டு நிதி, சீட்டு இரண்டுமே நம் அரபுப் பேச்சில் ஒரே வேரில் முளைத்த சொற்கள்.

ஐந்து பேர் போட்டிருக்கிறார்கள். மதாம் அவாதிஃப், காசாளர் உஸ்தாஸ் பாஹிர், தேநீர் போடும் ஷௌகி மாமா, கணக்குப் பிரிவில் இரண்டு பெண்கள். ஐவரும் தங்கள் முறைக்குக் காத்திருக்கிறார்கள்.

நான் அதிகம் பேசாதவள், உனக்குத் தெரியும். பேசாமலேயே அந்த மேசைகளுக்கு நடுவில் என்னை இத்தனை வருஷம் நிறுத்தி வைத்திருப்பது ஒன்றுதான்: ஷாஹிந்தா சொன்னால் சரியாக இருக்கும் என்ற எண்ணம். சீட்டில் இல்லாதவளுக்கு அங்கே நாற்காலி இருக்கும், இடம் இருக்காது. நவம்பரில் புதுச் சீட்டு தொடங்குகிறது. அதற்குள் இதைச் சரிசெய்ய வேண்டும்.

விளையாட்டு எப்போது வரும்? ஒரு தேதி சொல்.

ஷாஹிந்தா


அம்மான், மே 20

ஷாஹிக் கண்ணே,

எழுதுகிறேன், பார், விரல் வலிக்க எழுதுகிறேன். லிஃப்ட் சீட்டு என்று படித்ததும் நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டினாள். இந்த ஊர் டாக்சிக்காரர்கள் நான் வாயைத் திறந்ததுமே "எகிப்தா நீங்க? ஒரு ஜோக் சொல்லுங்க" என்கிறார்கள். எகிப்துக்காரர் எல்லோரும் சினிமாவிலிருந்து நேராக இறங்கி வந்தவர்கள் என்று நினைப்பு. இனிமேல் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

மதாம் அவாதிஃபிடம் சொல், அவருக்கு நல்ல மாடியாகப் பார்த்துத் தருகிறேன். கடற்காற்று இலவசம்.

வேலை நன்றாகப் போகிறது. இங்கே ஒரு விளையாட்டு ஸ்டூடியோவில் எனக்கு ஒரு மேசை கொடுத்திருக்கிறார்கள், ஜன்னலோரம். இன்னும் கொஞ்சம் மெருகுதான் பாக்கி. கோடைக்குள் வந்துவிடும், இன்ஷா அல்லாஹ். புதுப் படம் ஒன்று இணைத்திருக்கிறேன், நாலாம் மாடி. தளத்திலும் போட்டேன், எல்லோரும் உருகிவிட்டார்கள்.

நீ ரொம்பக் கவலைப்படுகிறாய். சாப்பிடுகிறாயா? மன்ஷிய்யா முனைக் கடையில் ஃபலாஃபல் வாங்கி, என் பங்கையும் சேர்த்துத் தின்னு.

உன் இன்ஜி


அலெக்சாந்திரியா, மே 29

இன்ஜி,

படத்தைப் பார்த்தேன். தளத்தில் 'இந்த மாத முன்னேற்றம்' என்ற தலைப்பில் இருப்பதும் அதே படம். திறந்த லிஃப்ட், வாசலில் ஒரு சாம்பல் பூனை. அந்தப் பூனையின் வால் நுனி மட்டும் பழுப்பாக இருக்கிறது. யாரோ ஒருவர் கீழே "என்ன நுணுக்கம்!" என்று எழுதியிருக்கிறார்.

அது என் காப்பி.

நாம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, டிராம் நிலையத்துக்கு எதிர்க் கடையில் நீ வரைந்துகொண்டிருந்த தாளின் மேல் கோப்பையை வைத்தேன். நீ என்னைத் திட்டினாய். பிறகு அந்தக் கறையைச் சுற்றி ஒரு பூனையை வரைந்து, கறையை வாலாக்கிவிட்டாய். நான் மறப்பேன் என்று நினைத்தாயா? இந்த மாத முன்னேற்றம் என்று எங்களுக்குக் காட்டியது அந்தத் தாளை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உன்னுடையதற்கு முன் நான் வேறு இரண்டு விளையாட்டுகளுக்குப் பணம் போட்டிருக்கிறேன். ஒன்று, கடலுக்கடியில் தபால் கொண்டுபோகும் பெண்ணின் கதை. சொன்ன தேதிக்கு வெகுநாள் கழித்து வந்தது. வந்த வாரம் எனக்குக் காய்ச்சல்; போர்வைக்குள்ளேயே ஆடி முடித்தேன். கடைசியில் பணம் போட்டவர்களின் பெயர்கள் மெதுவாக ஏறிப் போயின. முன்பின் தெரியாத அத்தனை பேர். அவர்களோடு சேர்ந்து நானும் இதை இருக்க வைத்தேன் என்று நினைத்தபோது, யாரிடமும் சொல்ல முடியாத ஒரு சந்தோஷம். இன்னொன்று, உப்பளத்தில் தொலைந்த தம்பியைத் தேடும் கதை. அதைச் செய்தவன் 'விரைவில்' என்று எழுதியதோடு சரி. அந்தச் சொல் இன்னும் அந்தப் பக்கத்தின் உச்சியில் தொங்குகிறது.

வராமல் போவது எனக்குப் பெரிதில்லை. இன்னும் பிறக்காத ஒன்றுக்குப் பணம் கொடுக்கும்போது பாதி மனசு அதற்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறது. தாங்க முடியாதது அந்த 'விரைவில்'தான். பொய்யும் இல்லாமல் உண்மையும் இல்லாமல், நம்மைப் போகவும் விடாமல்.

கேட்கிறேன், சொல். விளையாட்டு என்று ஒன்று இருக்கிறதா?

ஷாஹிந்தா


அம்மான், ஜூன் 8

ஷாஹிந்தா,

இருக்கிறது. இரண்டு மாடி இருக்கிறது. லிஃப்டின் கதவு திறக்கும். மூடாது.

நமக்கு நிரல் எழுதிய ஹாஸிம் பிப்ரவரியில் வளைகுடாவில் ஒரு பெரிய கம்பெனிக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, அவனுக்கு மனைவி, குழந்தை. எழுதியதையெல்லாம் நேர்மையாக விட்டுப் போனான். ஆனால் அது அவனுக்கு மட்டுமே புரியும் எழுத்து. அவன் போன மறுவாரம் நான் எதையோ தொட்டேன். லிஃப்ட் கடைசி மாடியைத் தாண்டி, கூரையைத் தாண்டி, வானத்தில் ஏறிப் போய்க்கொண்டே இருந்தது. உள்ளே ஒரு கிழவர் ரொட்டிப் பையோடு நின்றுகொண்டிருந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து நானே நிரல் கற்றுக்கொண்டு முதலிலிருந்து செய்கிறேன். வந்த பணத்தில் பெரும்பகுதி ஹாஸிமின் சம்பளமாகப் போய்விட்டது. தளத்தில் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன், பல தடவை. ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஒரு படத்தைப் போட்டுவிட்டு எழுந்தேன். படம் தீர்ந்ததும் பூனையை எடுத்தேன்.

தேதியும் நான் சொல்லவில்லை. "ஈத்துக்குள், இன்ஷா அல்லாஹ்" என்றேன். வெளிநாட்டுக்காரர்கள் அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டார்கள். நம் ஊர்க்காரர்கள் அதைக் கேட்டதுமே "ஓ, வராது போல" என்று புரிந்துகொண்டார்கள். சரியாகப் புரிந்துகொண்டும் கோபப்படுகிறவள் நீ ஒருத்திதான்.

என் தப்பைச் சொல்லிவிட்டேன். உன்னுடையதையும் சொல்கிறேன். என் குரலை உன் அலுவலகத்தில் போட்டுக் காட்டலாமா என்று கேட்டாயா? நீ வாயைத் திறந்து "எனக்கு இது பிடிக்கும், நானும் சேர்ந்து யோசித்தது" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் குரலைப் பேசவிட்டு நீ பின்னால் நின்றாய். அது மட்டுமா? பணம் போட்டவர்களின் பட்டியல் என் முன்னால் இருக்கிறது. உன் ஐந்து பேரும் பெயர் கொடுத்திருக்கிறார்கள், ஷௌகி மாமாகூட. உன் பெயர்ப் பெட்டி மட்டும் காலி. பணம் வந்திருக்கிறது, ஆள் வரவில்லை. விளையாட்டு விழுந்தால் உன் மேல் ஒரு கல்கூட விழக்கூடாது, அப்படித்தானே?

இன்ஜி


அலெக்சாந்திரியா, ஜூன் 9

கதவு மூடாத லிஃப்ட் ஓடக்கூடாது என்பது குழந்தைக்கும் தெரியும்.

பெயர்ப் பெட்டியைப் பற்றி உன்னோடு பேச மாட்டேன். எழுதாதே.

ஷா.


அம்மான், ஜூலை 15

ஷாஹிந்தா,

எழுதாதே என்றாய். ஐந்து வாரம் எழுதவில்லை, அது என் வாழ்நாள் சாதனை.

தியாகப் பெருநாள் அன்று ஸ்டூடியோக்காரர்கள் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். மான்சஃப், தயிரில் வேகவைத்த ஆட்டிறைச்சிச் சோறு, பெரிய தட்டில் வந்தது, எல்லோரும் சுற்றி நின்று கையால் சாப்பிட்டோம். சாப்பாட்டுக்குப் பிறகு விளையாட்டைக் காட்டினேன். "தோர் என்றால் என்ன?" என்று கேட்டார்கள். இங்கே மாடிக்கு 'தாபக்' என்றுதான் சொல்வார்களாம். அவர்களுக்குத் தோர் என்றால் வரிசையில் முறை. நம் சிலேடை எல்லை தாண்டும்போதே செத்துவிட்டது. உன் மதாம் அவாதிஃப்தான் சரியாகக் கேட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தளத்தில் என்னைத் திருடி என்கிறார்கள். நான் படிப்பதில்லை என்று எல்லோரிடமும் சொல்கிறேன். எல்லாவற்றையும் படிக்கிறேன். படித்துவிட்டு எழுந்து அறைக்குள் நடக்கிறேன், திரும்ப உட்கார்ந்து படிக்கிறேன்.

கதவு இப்போது மூடுகிறது. ஆனால் உள்ளே நிற்பவர்கள் ஒன்றும் பேசாமல் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். எனக்கு வசனம் வராது, உனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே அது உன் வேலையாகத்தான் இருந்தது. நீதான் "நான் எதற்கு" என்று ஒதுங்கிப் போனாய்.

பதில் எழுத வேண்டும் என்று சொல்லவில்லை.

இன்ஜி


அலெக்சாந்திரியா, ஆகஸ்ட் 4

இன்ஜி,

இன்று முதல் வியாழன். மதாம் அவாதிஃபின் மேசையைச் சுற்றி எல்லோரும் நின்றபோது சொல்லிவிட்டேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

"அந்த லிஃப்ட் விஷயம். அது சீட்டு இல்லீங்க. என் சிநேகிதி சொன்ன தோர், முறை இல்லை. மாடி."

"மாடின்னா? வீடு குடுக்கிறாங்களா?" என்றார் உஸ்தாஸ் பாஹிர்.

"விளையாட்டுல வர்ற வீடு."

"அதாவது, இல்லாத வீடு."

"ஆமா."

"அதையும் இன்னும் கட்டி முடிக்கலை."

"இல்லை."

"ஆக, கட்டி முடிக்காத இல்லாத வீட்டுக்கு நாம பணம் கட்டியிருக்கோம்."

தட்டோடு வந்த ஷௌகி மாமா நின்றார். "நான் பாலைவனத்துப் பக்கம் நிஜ வீட்டுக்கே அப்படித்தான் கட்டிட்டிருக்கேன் உஸ்தாஸ். இதுலயாவது லிஃப்ட் இருக்கு."

யாரோ சிரித்தார்கள். பாஹிர் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு திருடி. இவங்க அதுக்கு ஆள் பிடிச்சுக் குடுத்தவங்க" என்றார். என்னைப் பார்க்காமல், கையிலிருந்த நோட்டுகளைப் பார்த்துக்கொண்டே.

மதாம் அவாதிஃப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்கு எத்தனாவது மாடி?"

"இன்னும் முடிவு பண்ணலை மதாம்."

"கீழ்மாடி வேண்டாம், கொசு. நாலுக்கு மேல வேணும், கடல் தெரியணும். ஆனா கடைசி மாடியும் வேண்டாம், வெயில். எனக்கு மேல் வீட்டுக்காரி ஒருத்தி இருக்கணும்."

"எதுக்கு மதாம்?"

"நிஜத்துல இருக்காளே. துணி காயப்போட்டான்னா அவ தண்ணி பூரா என் துணி மேலதான் சொட்டும். வருஷக்கணக்கா லிஃப்டுல பார்த்து 'சபாஹ் அல்-கேர்'னு சிரிச்சிட்டு வந்துடறேன். ஒரு தடவையாவது அவகிட்ட கேட்டுடணும். அங்கேயாவது."

ஷௌகி மாமா தனக்கு மாடியே வேண்டாம் என்றார். "லிஃப்ட் ரிப்பேர் பண்றவனா போடும்மா. எங்க கட்டடத்துல அந்த ஆளை யாரும் கண்ணால பார்த்ததே இல்லை."

நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் மதாம் அவாதிஃப் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு சொன்னார். "நவம்பர் முதல் வியாழன். அன்னைக்கு இந்த மேசையில அந்த லிஃப்ட் ஓடணும். ஓடலைன்னா, தப்பா எடுத்துக்காதே ஷாஹிந்தா, புதுச் சீட்டுல உன் பேரு இருக்காது. நீ மோசக்காரின்னு நான் சொல்லலை. ஆனா உன் பேச்சை நம்பி இன்னொருத்தர் காசு வைக்க மாட்டாங்க."

டிராமில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. பாஹிர் சொன்ன சொல் காதிலேயே இருந்தது. ஆனால் இன்ஜி, சீட்டில் முதல் முறையை எடுப்பவரை நாம் யாரும் திருடி என்று சொல்வதில்லையே. முதலில் எடுப்பவருக்கு அப்போது தேவை: கல்யாணம், ஆபரேஷன், வீட்டு முன்பணம். எல்லோருடைய பணமும் அவர் கையில் முதலில் போகிறது, கடைசிச் சுற்று வரை அவர் கடன்பட்டவர். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. முதலில் எடுத்தவர் செய்யக்கூடாதது ஒன்றே ஒன்றுதான். அடுத்த வியாழக்கிழமை வராமல் இருப்பது. வந்து மேசையில் ஏதாவது வைக்க வேண்டும். முகத்தைக் காட்ட வேண்டும்.

நீ முதல் முறை எடுத்தவள். அவ்வளவுதான். அதனால் இனி உன்னிடம் தேதி கேட்க மாட்டேன். ஒவ்வொரு முதல் வியாழனும் உண்மையில் ஓடுகிற ஏதாவது ஒன்றை எங்கள் மேசையில் வை. சின்னதாக இருக்கட்டும். கறையாக இருக்கட்டும். பழையதாக இருக்கக்கூடாது. தளத்திலும் ஹாஸிம் போனதைச் சொல்.

என்னைப் பற்றி நீ எழுதியது இன்னும் வலிக்கிறது. ஆனாலும் வசனம் எழுதுகிறேன்.

ஷாஹிந்தா


அம்மான், செப்டம்பர் 1

ஷாஹி,

முதல் வியாழன். மேசையில் வைக்கிறேன்: ஒரு நிமிஷக் காட்சி. மூன்று மாடி. கதவு திறக்கிறது, மூடுகிறது. கிழவர் ரொட்டிப் பையோடு தன் மாடியில் இறங்குகிறார். அவர் இறங்கியபோது நான் கை தட்டினேன், தனியாக.

தளத்தில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். பூனையையும் சொன்னேன். ஒருவன் எழுதிய கெட்ட வார்த்தைக்கு அகராதி பார்க்க வேண்டியிருந்தது. பலர் விலகினார்கள். ஆச்சரியம், முன்பு எதுவுமே எழுதாத சிலர் இப்போது எழுதுகிறார்கள். நார்வேயில் ஒரு கிழவி, தன் கட்டடத்து லிஃப்டில் முதுகுக்குப் பின்னால் என்ன பேசுவார்கள் என்று நாலு வரி அனுப்பியிருக்கிறாள்.

ஒரு தொல்லை. லிஃப்டுக்குள் நான்கு பேர் வரை சரியாக நிற்கிறார்கள். ஐந்தாவது ஆள் ஏறினால் எல்லாமே உறைந்துவிடுகிறது. ஹாஸிம் இருந்தால் சரிசெய்திருப்பான். எனக்கு வழி தெரியவில்லை. அதனால் அதையே சட்டமாக்கிவிட்டேன்: நான்கு பேருக்கு மேல் ஏறக்கூடாது. ஐந்து பேர் வந்தால் யார் வெளியே நிற்பது என்று லிஃப்ட் முடிவு செய்ய வேண்டும். இப்போது ஆட்டமே அதுதான் ஆகிவிட்டது. யாருக்கு முறை, யார் காத்திருப்பது. மதாம் அவாதிஃபிடம் சொல்லாதே.

இன்ஜி


அலெக்சாந்திரியா, செப்டம்பர் 18

இன்ஜி,

மறுபடியும் கறையை வாலாக்கிவிட்டாய்.

காட்சியை மேசையில் காட்டினேன். மதாம் அவாதிஃப், "இந்தக் கிழவன் யாரு, காசு கட்டினானா?" என்று கேட்டார். பாஹிர் எழுந்து போய்விட்டார்.

இரண்டு வாரமாக எங்கள் கட்டடத்து லிஃப்டில் தேவையில்லாமல் ஏறி இறங்குகிறேன். கையில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டால் போதும், நான் அங்கே இருப்பதே யாருக்கும் தெரிவதில்லை. சில வசனங்கள் கீழே.

ஒரு தகப்பன், மகளிடம்: "மாமா வீட்டுல சாப்பாடு எப்படின்னு கேட்டா நல்லாருக்குன்னு சொல்லணும். திரும்பக் கேட்டா, வயிறு ரொம்பிடுச்சுன்னு சொல்லணும்."

இரண்டு பெண்கள்: "அவ மெலிஞ்சுட்டா." "மெலியலைடி, கறுப்பு போட்டிருக்கா."

எட்டாம் மாடிக்காரர், கண்ணாடியைப் பார்த்துத் தனக்குத்தானே: "இன்னைக்காவது கேட்டுடு." மாலையில் அதே ஆள் அதே கண்ணாடியில்: "சரி, நாளைக்கு."

அவர் எதைக் கேட்கவேண்டுமோ, தெரியவில்லை. தினமும் அவர் வரும் நேரம் பார்த்து ஏறுகிறேன். விளையாட்டில் அவரை ஒரு முறையாவது கேட்க வைத்துவிடு.

ஷாஹி


அம்மான், அக்டோபர் 30

ஷாஹி,

ஐந்து மாடி முடிந்தது. மேலே இருப்பதெல்லாம் இருட்டு. லிஃப்ட் அங்கே போனால் கதவு திறக்கும், ஒரு ஜன்னல், கடல் சத்தம், அவ்வளவுதான். முதல் பகுதி என்று சொல்லித் தளத்தில் தருகிறேன். மிச்சத்துக்கு என்னிடம் பணம் இல்லை. இங்கே பகலில் வேறொருவர் விளையாட்டுக்குக் கதவுகள் வரைகிறேன், இரவில் நம்முடையதைச் செய்வேன். எப்போது முடியும் என்று சொல்ல மாட்டேன். இன்ஷா அல்லாஹ்கூடச் சொல்ல மாட்டேன்.

உன் அலுவலகத்து ஐந்து பேரையும் இந்த ஐந்து மாடிக்குள்ளேயே சேர்த்துவிட்டேன். மதாம் அவாதிஃபுக்கு நாலாம் மாடி. நாலுக்கு மேல் கேட்டார், தெரியும். ஆனால் ஐந்தாம் மாடியில் துணி காயப்போடுகிறவள் இருக்கவேண்டுமே.

ஒன்றை மட்டும் உன்னிடம் கேட்காமல் செய்திருக்கிறேன். பிடிக்கவில்லையென்றால் ஒரு வார்த்தை எழுது, எடுத்துவிடுகிறேன்.

வியாழக்கிழமை முழுக்க நான் எந்த வேலையும் செய்யப்போவதில்லை. போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இன்ஜி


அலெக்சாந்திரியா, நவம்பர் 3

இன்ஜி,

உனக்கு உடனே எழுத நினைத்தேன், முடியவில்லை. கடற்கரை வரை நடந்துபோய்த் திரும்பி வந்து எழுதுகிறேன்.

என் கணினியை மதாம் அவாதிஃபின் மேசைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சீட்டுப் பணம் ஒரு பக்கம், லிஃப்ட் ஒரு பக்கம். சுட்டியை யார் பிடிப்பது என்று சண்டை. கடைசியில் மதாமே பிடித்தார். முதல் ஐந்து நிமிஷம் ஒரே மாடிக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். "இது பிடிச்சு இழுக்குது" என்றார். பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

நாலாம் மாடியில் அவர் வந்தார். அதே தலைமுக்காடு, அதே கைப்பை, எப்படி வரைந்தாய்? நான் உனக்கு அவரது படம்கூட அனுப்பவில்லையே. ஐந்தாம் மாடியிலிருந்து இறங்கி வந்தவள் ஏற்கனவே உள்ளே இருந்தாள். கதவு மூடியது. விளையாட்டு மதாம் சொன்னார்: "உன் துணி சொட்டுற தண்ணியில என் துணி ஒருநாளும் காய்ஞ்சதே இல்லை. நல்லாயிரு." நிஜ மதாம் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "நான் இன்னும் கொஞ்சம் கோபமா சொல்லியிருப்பேன்" என்றார். திரும்பவும் போட்டுப் பார்த்தார். திரும்பவும்.

பிறகு தரைத்தளத்தில் எல்லோரும் ஒன்றாக வந்து நின்றார்கள். மதாம், கணக்குப் பிரிவுப் பெண்கள் இருவர், கருவிப் பெட்டியோடு ஷௌகி மாமா, பாஹிர். ஐந்து பேர். லிஃப்ட் திறந்தது.

"நாலு பேருதான் போகலாமாம். யாரை விடறது?" என்றாள் ஒருத்தி.

நிஜ உஸ்தாஸ் பாஹிர் அதுவரை அறைக் கதவருகில் நின்று, தொலைபேசியில் ஏதோ படிப்பதுபோல இருந்தார். மதாம் அவாதிஃப் தயங்காமல் நால்வரை ஏற்றிவிட்டு, விளையாட்டு பாஹிரை வெளியே நிறுத்தினார். திரையில் பாஹிர் தனியாக நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்து, பெருமூச்சு விட்டார். எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள்.

"என்ன மதாம் இது? என்னை மட்டும் ஏன் வெளியே நிறுத்தறீங்க?" என்றார் நிஜ பாஹிர். எப்போது மேசைக்குப் பக்கத்தில் வந்தார் என்று எனக்குத் தெரியாது.

"உங்களுக்குத்தான் இல்லாத வீடு வேண்டாமே உஸ்தாஸ்."

"அது வேற, இது வேற. காசு கட்டியிருக்கேன்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "நகருங்க. அடுத்து என் தோர்."

அவர் எந்தப் பொருளில் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. உன்னை மன்னித்துவிட்டார் என்றும் நினைக்காதே. போகும்போது "மேல் மாடியெல்லாம் இருட்டா இருக்கே, அதுக்கும் நாங்கதான் கட்டியிருக்கோமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். தெரியவில்லை என்றேன். அது உண்மை.

மதாம் புதுச் சீட்டுக்கு ஆள் எழுதினார். என் பக்கம் திரும்பாமலே, "ஷாஹிந்தா, உனக்கு எத்தனாவது முறை?" என்றார். கடைசி என்றேன். நான் எப்போதும் அப்படித்தான் சொல்வேன். கேட்டுக்கொண்டு ஏதோ எழுதினார். பிறகு எட்டிப் பார்த்தால், மூன்றாவதில் என் பெயர் இருந்தது.

எல்லோரும் போன பிறகு தனியாக உட்கார்ந்து ஆடினேன். எட்டாம் மாடிக்காரரை நீ இரண்டாம் மாடியில் குடிவைத்திருக்கிறாய். கண்ணாடியைப் பார்த்தார். "இன்னைக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எதைக் கேட்கப் போகிறார் என்று நீயும் சொல்லவில்லை. நல்லது.

அவர் இறங்கியதும் லிஃப்ட் காலியாக இருந்தது. அப்போதுதான் கதவுக்கு மேலே பார்த்தேன். பழைய லிஃப்டுகளில் செய்த கம்பெனியின் பெயரைப் பொறித்து ஒரு பித்தளைத் தகடு இருக்குமே, அது. மூலைகளில் களிம்புகூட வரைந்திருக்கிறாய். படிக்க முகத்தைத் திரைக்கு வெகு அருகில் கொண்டுபோக வேண்டியிருந்தது.

"ஷாஹிந்தா. நான்கு பேருக்கு மேல் ஏறக்கூடாது."

மதியம் முழுக்க அவர்கள் அதற்குக் கீழேயே ஏறி இறங்கினார்கள், ஒருவரும் தலை தூக்கிப் பார்க்கவில்லை. நானும் காட்டவில்லை.

எடுக்காதே. இருக்கட்டும்.

ஷாஹிந்தா